ஞாயிற்றுக்கிழமை யாருடையது?



தோட்டப்புறத்தில் வாழும் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டும். ஞாயிறன்று அந்த அவசரம் இல்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போய் வரலாம். அரிசி பருப்பு வாங்கியதாகவும் இருக்கும், பக்கத்துத் தோட்டத்து உறவினரைக் கண்டு நாலு வார்த்தை பேசியதாகவும் இருக்கும். ஆடு மேய்த்தாற்போலும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தாற்போலும் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தக் கடைத்தெருவிலே நமக்குச் சாமான் நிறுத்துக் கொடுக்கிறானே ஒரு பையன், அவன் யார்? துணிக்கடையில் காலையிலிருந்து நின்றபடி சேலையை விரித்துக் காட்டுகிறாளே ஒரு பெண், அவள் யார்? பெரும்பாலும் அவர்களும் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே. நாம் ஓய்வாகக் கடைக்குப் போகும் நாளில்தான் அவர்களுக்கு இடுப்பொடியும் வேலை. அப்படியானால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்பொழுது?

ஞாயிறன்று கடைகளை இன்னும் கூடுதலான நேரம் திறந்து வைக்க அனுமதிக்கலாமா, கூடாதா என்ற விவாதம் பல நாடுகளில் நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள ஜூரோங்கை நடுவில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியின் வரலாற்றை இந்த உரையில் பார்ப்போம். ஜூரோங்கைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அதுவும் ஒரு காலத்தில் தோட்டக்காடாக இருந்த ஊர்தான். இன்று அங்கே தொழிற்சாலைகளும், கப்பல் பட்டறைகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் திரளாகத் தங்கியிருக்கும் விடுதிகளும் இருக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

முதலில், இந்த ஏழாம் நாள் ஓய்வு நமக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஞாயிறு விடுமுறை நம் முன்னோர் வழக்கம் அன்று. நம் ஊர்களில் தச்சர், கொல்லர் முதலியோர் அமாவாசையன்று பட்டறையை மூடுவதுண்டு. திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வேலை நிற்கும். வாரச் சந்தை ஊருக்கு ஒரு நாளில் கூடும். கிழமைக் கணக்கில் எல்லோரும் ஒரே நாளில் ஓய்ந்திருக்கும் ஏற்பாடு மேற்கிலிருந்து வந்தது. கி.பி. 321-ஆம் ஆண்டில் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதிபதிகளும், நகரத்து மக்களும், கைத்தொழில் செய்வோரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. ஆனால் நாட்டுப்புறத்தில் பயிர்த்தொழில் செய்வோருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. பருவம் தவறினால் விளைச்சல் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. ஓய்வு நாளுக்கென்று எழுந்த அந்தப் பழைய சட்டத்திலேயே மண்ணில் உழைப்பவன் வெளியே நிறுத்தப்பட்டான் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஓய்வைப் பற்றிய ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி யாரோ ஒருவர் விடுபட்டுப் போகிறார். வரலாறு நெடுகிலும் இதைக் காணலாம்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் தொழிலாளர்கள் வார விடுமுறை என்ற ஒன்றே இல்லாமல் உழைத்த காலம் ஒன்று இருந்தது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் அவர்களைத் திரட்டி, 1884-ஆம் ஆண்டு முதல் கூட்டங்கள் கூட்டி, மனுக்கள் எழுதி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டார். 1890-ஆம் ஆண்டில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டு திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம் பெற்றது. காலண்டரில் சிவப்பு எழுத்தில் அச்சாகும் ஞாயிறு, இப்படிக் கேட்டுப் பெற்ற ஞாயிறு.

உலக அளவில் 1921-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனம் ஓர் உடன்படிக்கை செய்தது. தொழிற்சாலைத் தொழிலாளருக்கு ஏழு நாளில் ஒரு முறை, தொடர்ந்தாற்போல் 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது அதன் சாரம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு அதே போன்ற உடன்படிக்கை 1957-ஆம் ஆண்டில்தான் வந்தது. இரண்டுக்கும் நடுவே 36 ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு தாமதம்? தொழிற்சாலையில் சங்கு ஊதினால் எல்லா இயந்திரமும் ஒன்றாக நிற்கும். கடையில் அப்படி ஒரு சங்கு கிடையாது. கடைசி வாடிக்கையாளர் போகும்வரை கடை திறந்திருக்கும், கடை திறந்திருக்கும்வரை சிப்பந்தி நிற்க வேண்டும். முதலாளியும் சிப்பந்தியும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய பழைய கடைகளில், வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடினார்கள், சங்கம் அமைத்தார்கள். கடைச் சிப்பந்தியோ கடைக்கு இருவர் மூவராகச் சிதறிக் கிடந்தான். அவன் குரல் எழ நாளாயிற்று.

இனித் தோட்டப்புறத்துக்கு வருவோம். கடை திறப்பதா மூடுவதா என்ற கேள்வியைத் தோட்டத் தொழிலாளர்களே எழுப்பிய ஒரு நிகழ்ச்சி மலாயாவில் உண்டு. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் என்பவர் அதன் தலைவர்களுள் ஒருவர். அந்தத் தொழிலாளர்கள் கேட்டவை என்ன? சம்பள உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, மருத்துவ வசதி கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். அவற்றோடு சேர்த்து, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள்.

தொழிலாளி கையில் காசு இருக்கும் நேரமும் ஓய்வு இருக்கும் நேரமும் பார்த்துத் திறந்திருக்கும் கடை, எப்பொழுதும் அவனுக்கு நன்மை செய்வதற்காகத் திறந்திருப்பதில்லை. இதை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எந்தக் கடை திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை சிறையும் துப்பாக்கிச் சூடும் நாடு கடத்தலுமே. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி சாகவில்லை.

இலங்கை மலையகத்து நேயர்களுக்கு வேறொரு நினைவு இருக்கும். 1966-ஆம் ஆண்டு முதல் 1971 வரை அந்த நாட்டில் வார விடுமுறை ஞாயிறன்று இல்லை. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி ஆகிய போயா நாட்களே விடுமுறை நாட்கள். சந்திரனைப் பின்பற்றி வந்ததால் சில வாரம் ஏழு நாளாகவும் சில வாரம் எட்டு நாளாகவும் நீண்டது. வெளிநாட்டு வணிகத்துக்கு அது ஒத்துவராமல் போகவே, 1971-இல் மீண்டும் ஞாயிறுக்குத் திரும்பினார்கள். பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. ஓய்வு நாள் எது என்பதை அரசு மாற்றலாம். ஆனால் அண்டை அயலும் உலகமும் வேறொரு நாளில் ஓயும்போது, தனித்து ஓய்வது எளிதன்று. இந்தப் படிப்பினையைப் பின்னால் மறுபடி நினைவுகூர்வோம்.

அதே இலங்கையில் 1954-ஆம் ஆண்டிலேயே கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்துவிட்டது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை, ஒன்றரை நாள் விடுமுறை என்று அது வகுத்தது. மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது. சட்டம் இருந்தும் அந்த ஒன்றரை நாள் தங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்று பெற்றோர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்பொழுது சிங்கப்பூருக்குக் கப்பலேறுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூரோங் பகுதியில் காசுக்கட்டித் தோட்டங்களும் மிளகுத் தோட்டங்களும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது. அங்கே ரப்பர் பயிரிட்ட சியூ பூன் லே என்ற வணிகரின் பெயரைத்தான் இன்றைய பூன் லே வட்டாரம் தாங்கி நிற்கிறது. ரப்பர் மரங்களும், இறால் குளங்களும், சதுப்பு நிலமும், செங்கற் சூளைகளுமாக இருந்த அந்த இடத்தைத் தொழில் நகரமாக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டில் அரசு முடிவு செய்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ அதை முன்னின்று நடத்தினார். 1962-இல் இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்கத்தில் தொழில்கள் மெல்லவே வந்ததால், இது கோ செய்த மடமை என்று சிலர் கேலி பேசினார்கள். 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தபின் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன.

தொழிற்சாலை எழும்பிய வேகத்தில் கடைத்தெரு எழும்பவில்லை. நகரிலிருந்து தொலைவாக இருந்ததால், ஆட்கள் அங்கே குடியேறவே தயங்கினார்கள். 1971-இல் பறவைப் பூங்காவும் திறந்தவெளிக் கார் திரையரங்கும் வந்தன. பின்னர் ஜப்பானியத் தோட்டமும் சீனத் தோட்டமும் வந்தன. ஞாயிறன்று போவதற்கு இடம் வேண்டும் என்ற எண்ணமும் அவற்றுக்குப் பின்னால் இருந்தது. ஆலையைக் கட்டினால் மட்டும் போதாது, ஆலையில் வேலை செய்பவனுடைய ஏழாம் நாளுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை ஜூரோங் இப்படிக் கற்றுக்கொண்டது.

தமிழனுக்கோ ஞாயிறன்று போக வேண்டிய இடம் முன்பே இருந்தது. சிராங்கூன் சாலையும் தேக்காவும்தான் அது. மாட்டு வியாபாரமும், பழைய குதிரைப் பந்தயத் திடலும், 1915-இல் எழுந்த சந்தையும் அந்த வட்டாரத்தை வளர்த்தன. 1970-களின் இறுதியிலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் வேலை உரிமத்தில் வரத் தொடங்கினார்கள். ஜூரோங்கிலும் துவாஸிலும் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்தவர்கள் ஞாயிறன்று தேக்காவுக்குத்தான் வந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, முடி வெட்டிக்கொள்ள, வாழையிலையில் ஒரு வேளை சாப்பிட, ஊர்க்காரனைக் கண்டு சேதி கேட்க அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. அன்று கடைகள் மூடியிருந்தால் அவர்களுக்கு வேறு நாள் இல்லை. இதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறன்று கடை மூட வேண்டும் என்பது, வேறு நாளிலும் ஓய்வு உள்ளவனுக்கு எளிதாகச் சொல்லக்கூடிய பேச்சு.

அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது? 1954-ஆம் ஆண்டுக்குப்பின் லிம் சின் சியோங் செயலாளராக இருந்த தொழிற்சாலை, கடைத் தொழிலாளர் சங்கம் மிக வேகமாக வளர்ந்தது. கடைச் சிப்பந்தியின் பெயரையும் தன் பெயரிலேயே தாங்கிய சங்கம் அது. சங்கம் நீடிக்கவில்லை, அரசு அதைக் கலைத்தது. ஆனால் 1957-இல் கடைச் சிப்பந்திகளுக்கென ஒரு சட்டமும், எழுத்தர்களுக்கென ஒரு சட்டமும் சிங்கப்பூரில் நிறைவேறின. 1968-ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் அவ்விரண்டையும் தனக்குள் இணைத்துக்கொண்டது. அதே ஆண்டில் பொது விடுமுறை நாட்கள் 16-இலிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டன. நம்முடைய தைப்பூசமும் விடுமுறைப் பட்டியலிலிருந்து போயிற்று. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் நேரம், வேலையில்லாத் திண்டாட்டம் வரும், முதலீடு வேண்டும், ஆகவே உழைக்க வேண்டும் என்று அரசு காரணம் சொன்னது.

அந்தச் சட்டத்தின் ஒரு விதியைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாள் ஓய்வு தரப்பட வேண்டும். அது ஞாயிறாக இருக்கலாம், அல்லது முதலாளி குறிக்கும் வேறு நாளாக இருக்கலாம். எந்த எந்த நாள் ஓய்வு என்ற அட்டவணையை மாதம் பிறக்குமுன்பே தெரிவித்துவிட வேண்டும். முதலாளி கேட்டுக்கொண்டதன்பேரில் ஓய்வு நாளில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, ஓய்வு நாளில் வேலை செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கடை ஞாயிறன்று திறக்கலாமா என்பதைப் பற்றி இந்த விதி பேசவில்லை. கடையின் நேரத்தை ஒரு பக்கமும், மனிதனின் ஓய்வை மறு பக்கமும் பிரித்து வைத்தது. இந்த வழியில் சென்றதால்தான், 2003-ஆம் ஆண்டில் தேக்கா வட்டாரத்து முஸ்தபா சென்டர் 24 மணி நேரமும் கடையைத் திறந்து வைக்க முடிந்தது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்று வரும்வரை அந்த வழக்கம் நடந்தது. இரவு இரண்டு மணிக்கும் அங்கே துணி வாங்க முடிந்தது, தங்கம் வாங்க முடிந்தது. வாங்குபவனுக்கு இது பெரிய வசதி. விற்பவனுக்கு அது வசதியா வாதையா என்பது, மேற்சொன்ன விதி ஏட்டில் மட்டும் இருக்கிறதா, நடைமுறையிலும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

யார் விடுபட்டார்கள் என்று கேட்க வேண்டும் என்றோமே, இங்கும் ஒருவர் விடுபட்டார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அவர்களுக்கு வார ஓய்வு நாள் 2013-ஆம் ஆண்டில்தான் விதிக்கப்பட்டது. அதையும் பணம் கொடுத்து ஈடுசெய்துவிடலாம் என்ற நிலை இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்றாமல் ஓய்வாகவே தர வேண்டும் என்ற விதி 2023-ஆம் ஆண்டில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கே சோதனையாக வந்த நாள் 2013 டிசம்பர் 8. அதுவும் ஒரு ஞாயிறுதான். இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன், தேக்கா வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலைச் சந்திப்பில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச்செல்லும் ஒரு பேருந்தில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது, வாகனங்கள் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் காணாத நிகழ்ச்சி அது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, 2014-இல் அறிக்கை வெளிவந்தது. மது ஒரு காரணம் என்றது குழு. தொழிலாளர்களுக்கு வேறு இடங்களிலும் வசதிகள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அதன் விளைவாகக் கடை நேரம் மாறியது. 2015 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், நாடு முழுவதும் இரவு பத்தரை மணிக்குமேல் கடைகளில் மது விற்பதைத் தடுத்தது. தேக்கா வட்டாரத்திலோ வார இறுதியில் அதைவிட முன்னதாகவே விற்பனையை நிறுத்த வேண்டும். சனி காலை முதல் திங்கள் காலை வரை அங்கே பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. விடுதிப் பேருந்துகளும் குறைந்தன, அவை ஓடும் நேரமும் சுருங்கியது. வியாபாரம் விழுந்துவிட்டது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அமைதி திரும்பியது என்று அங்கே குடியிருப்போர் பலர் மகிழ்ந்தார்கள். கிள்ளானில் 1941-இல் தொழிலாளர்கள் கேட்டும் கள்ளுக்கடை மூடப்படவில்லை. இங்கே தொழிலாளர்களைக் கேளாமலே மதுக்கடை நேரம் குறைந்தது. இரண்டிலும் முடிவு செய்தவர்கள் வேறு யாரோ என்பதுதான் ஒற்றுமை. குடி கெடுக்கும் குடியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் யாருடைய ஓய்வு நாளை அளக்கிறோமோ, அவர்களையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்பது முறை.

2020-ஆம் ஆண்டில் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. விடுதிகளில் கொரோனா தொற்றுப் பரவியது. ஏப்ரல் 5 அன்று தனிமைப்படுத்தப்பட்ட முதல் இரண்டு விடுதிகளில் ஒன்று ஜூரோங் கிழக்கில் தோ குவான் சாலைப் பகுதியில் இருந்தது. பின்னர் எல்லா விடுதிகளும் அடைபட்டன. மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குத் தேக்கா இல்லை, ஞாயிறு இல்லை. 2022 ஜூன் முதல் ஓர் அனுமதிச் சீட்டு முறை வந்தது. ஞாயிறன்றும் பொது விடுமுறை நாளன்றும் தேக்கா, சைனாடவுன், கேலாங் செராய், ஜூரோங் கிழக்கு ஆகிய நான்கு இடங்களுக்குப் போக விடுதித் தொழிலாளர்கள் சீட்டு வாங்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 80,000 சீட்டுகள். 2023-இல் அந்த முறை நிறுத்தப்பட்டது.

நேயர்களே, ஜூரோங் கிழக்கு அந்த நான்கில் ஒன்றாக இருந்ததைக் கவனியுங்கள். அறுபதுகளில் கடைத்தெரு இல்லாமல் ஏங்கிய ஊர், ஞாயிறன்று கூட்டம் தாங்காது என்று சீட்டுப் போட வேண்டிய ஊராக மாறியிருக்கிறது. ரயில் நிலையத்தைச் சுற்றி அடுக்கடுக்காய்ப் பேரங்காடிகள் நிற்கின்றன. பெஞ்சூரு, தெருசான், சூன் லீ என்ற இடங்களில் தொழிலாளர்களுக்கென்றே பொழுதுபோக்கு நிலையங்களும் கடைகளும் இருக்கின்றன. வாரத்தில் மிகக் கூட்டமான நாள் ஞாயிறு. கடைச் சிப்பந்தி விடுப்புக் கேட்க முடியாத நாளும் அதுவே.

மற்ற நாடுகள் என்ன செய்தன? பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். சிறு கடைகளுக்கு வரம்பில்லை. ஞாயிறன்று வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் கடை ஊழியருக்கு உண்டு. 2016-இல் அந்த நேரத்தை நீட்டிக்க அரசு முயன்றபோது, மக்களவை 317-க்கு 286 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. ஜெர்மனியிலோ ஞாயிறு ஓய்வு நாள் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சில விலக்குகள் தவிர அங்கே கடைகள் மூடியே இருக்கும்.

தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டம், வாரத்தில் ஒரு நாள் கடையையே மூட வேண்டும் என்றது. 2019-இல் அரசு ஆணை ஒன்று, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளை எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்து வைக்க மூன்றாண்டுகளுக்கு அனுமதித்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. கடைக்கு விடுமுறை போயிற்று, ஆனால் ஊழியருக்கு முறை வைத்து வார விடுமுறை தர வேண்டும் என்ற நிபந்தனை நின்றது. 2021-இல் இன்னொரு திருத்தமும் வந்தது. கடையில் வேலை செய்வோர் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதே அந்தத் திருத்தம். கேரளம் 2018-இலேயே அதைச் செய்திருந்தது. உட்கார்ந்துகொள்ள ஒரு நாற்காலிக்குக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், உறவினரோடு கழிக்க ஒரு ஞாயிற்றுக்கு எவ்வளவு காவல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏதோ ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் போதாதா, ஞாயிறுதான் வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஜொகூர் விடை சொல்கிறது. 2014 ஜனவரி முதல் அந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாயின. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தகப்பனுக்கு ஞாயிறு விடுமுறை, ஜொகூரில் படிக்கும் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளிக்கூடம் என்ற நிலை வந்தது. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை கிடைக்கும் ஓய்வு உடம்புக்குப் போதும். ஆனால் பிள்ளை பள்ளியிலும், மனைவி தோட்டத்திலும், நண்பர் ஆலையிலும் இருக்கும் நாளில் தனியே வீட்டில் இருப்பவனுக்கு அது முழு விடுமுறை ஆகாது. கலியாணமும், சங்கக் கூட்டமும், கோயில் உபயமும் ஞாயிறன்று நடக்கின்றன. அவன் மட்டும் இல்லை.

ஆகவே நம் முடிவைச் சொல்லிவிடுவோம். ஞாயிறன்று கடை திறக்கட்டும். ஆறு நாள் உழைப்பவனுக்கு அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை. ஆனால் நேரத்தை நீட்டிக்கும் ஒவ்வொரு மணிக்கும் கடைக்காரர் மூன்று கணக்குக் காட்ட வேண்டும். அந்த மணிக்கு நிற்கப்போகிறவர் யார்? அவருக்குச் சட்டப்படி ஓய்வும் இரட்டைச் சம்பளமும் உண்டா? மாதத்தில் ஒரு ஞாயிறாவது முறை வைத்து அவருக்குக் கிடைக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் கடை இரவு பத்து மணி வரையும் திறந்திருக்கலாம். விடை இல்லையென்றால் மாலை ஆறு மணிகூட அதிகம்தான். சிறு கடைக்காரரையும் மறக்கலாகாது. கணவனும் மனைவியுமாக நடத்தும் மளிகைக்கடைக்கு முறை மாற்ற ஆள் இல்லை. பேரங்காடி நேரத்தை நீட்டினால் அவர்களும் நீட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையை இழக்க வேண்டும். பெரிய கடைக்கு ஒரு வரம்பும் சிறு கடைக்கு விலக்கும் வைத்த பிரிட்டிஷ் முறையில் ஒரு நியாயம் இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. மூடும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய், பத்துச் சேலையை விரிக்கச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் திரும்புவது நமக்கு விளையாட்டு. விரித்தவள் அதை மடித்து வைத்துவிட்டுத்தான் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வெளியூர்க் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, ஓய்வு நாள் எது, அதை எழுதிக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். பம்பாயில் ஒருவர் அதைக் கேட்கத் தொடங்கியதால்தான் நமக்கு ஞாயிறு கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நீங்கள் கடைத்தெருவுக்குப் போகும்போது, சாமான் நிறுத்துக் கொடுக்கும் அந்தப் பையனிடம், "தம்பி, உனக்கு லீவு என்றைக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவன் சட்டென்று ஒரு கிழமையைச் சொன்னால், அங்கே சட்டம் உயிரோடு இருக்கிறது. சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், நாம் செய்ய வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.